நகல் ஏற்கப்படாது

துணி துவைக்கும் மெஷினைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆறு வருடமாக ஓடுகிறது. சுற்றும்போது மட்டும் இடத்தை விட்டு நகரும். ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தேன், அடங்கிவிட்டது. இதை முதலிலேயே எழுதுவதற்குக் காரணம், நேற்று நீங்கள், "மெஷின் சரியில்லைன்னுதானே பேங்க்கோட உனக்குத் தகராறு?" என்று கேட்டீர்கள். இல்லை ஐயா. மெஷின் நல்ல மெஷின். வங்கியும் நல்ல வங்கி. என் மச்சினன் எல்லாரையும் விட நல்லவன். இதில் கெட்டவர் என்று கைகாட்ட ஒருவரும் இல்லை. அதனால்தான் இத்தனை தாள் தேவைப்படுகிறது.

நான் சொல்லச் சொல்ல உங்கள் எழுத்தர் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். நானே எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். கொடுத்த தாள்களில் ஓரம் ஒரு நூல் கோணலாக இருக்கிறது. யாரோ அவசரத்தில் வெட்டியது. பரவாயில்லை, எழுதலாம்.

நான் புத்தகம் கட்டும் பட்டறையில் வெட்டுக்காரன். அச்சடித்து வரும் தாளை அளவுக்கு வெட்டுவது என் வேலை. முப்பத்தொரு வருடம் ஆகிறது. பள்ளிக்கூட நோட்டு, ரசீதுப் புத்தகம், சமையல் புத்தகம், வங்கிப் படிவம் எல்லாம் என் கத்திக்கு அடியில் போய்த்தான் வெளியே வந்தன. அவற்றில் ஓர் எழுத்துகூட அப்போது எனக்குத் தெரியாது. தெரியாமலே வெட்டலாம், கத்திக்கும்தான் தெரியாது. ஒரே ஒரு தடவை சிக்கல் வந்தது. எது தலை, எது கால் என்று தெரியாமல் ஆயிரம் புத்தகத்தின் தலையை வெட்டிவிட்டேன். பக்கத்துக்குப் பக்கம் முதல் வரி காணாமல் போனது. முதலாளி திட்டவில்லை. ஒரு புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "வீட்டுக்குக் கொண்டு போ, ஞாபகமா இருக்கட்டும்" என்றார். திட்டியிருக்கலாம்.

வெட்டு மெஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் வரைந்து வைத்திருக்கும் படம் தவறு. தாளை அடுக்கி, பின்பலகையோடு ஒட்டித் தள்ள வேண்டும். காலால் மிதித்தால் ஓர் இரும்புச் சட்டம் இறங்கி அடுக்கை அமுக்கிப் பிடிக்கும். கத்தி விழ வேண்டுமானால் இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். ஒன்று இடது ஓரத்தில், ஒன்று வலது ஓரத்தில். ஒற்றைக் கையால் நடக்காது. வெட்டுகிறவனின் இரண்டு கையும் பொத்தானில் இருந்தால்தான் கத்தி அசையும் என்பதால், அவன் கை கத்திக்கு அடியில் இருக்கவே முடியாது. இதைச் செய்தவன் மூளைக்காரன். ஆனால் ஒரு மெஷினில் இரண்டு பேர் நிற்பார்கள் என்று அவன் நினைக்கவில்லை.

எங்கள் பட்டறையில் இரண்டு பேர் நிற்போம். மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, தாளைத் தட்டி அடுக்குவான். நான் வெட்டுவேன். கையை எடுத்ததும் அவன் "விட்டாச்சு" என்பான். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் நான் அழுத்துவேன். ஒரு நாளைக்கு ஐந்நூறு "விட்டாச்சு" இருக்கும். பதினாலு வருடம் இப்படித்தான். என் காதில் அதிகமாக விழுந்த சொல் எது என்று கேட்டால் என் பெயரைச் சொல்ல மாட்டேன், அதைத்தான் சொல்வேன்.

ஆறு வருடத்துக்கு முன் மனைவி, துணி பிழிந்து பிழிந்து மணிக்கட்டு வலிக்கிறது என்றாள். கடையில் தவணைக்கு மெஷின் கொடுத்தார்கள். கடைக்குள்ளேயே வங்கிக்காரர் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்து கடன் கணக்கு திறந்துகொண்டிருந்தார். படிவத்தைப் படித்துச் சொல்ல மச்சினன் கூட வந்தான். அவன் பள்ளிக்கூடம் முடித்தவன். அந்தப் படிவம் நான் வெட்டியது, ஓரத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கீழே ஒரு கட்டம். மையைத் தொட்டுப் பெருவிரலை வைத்தேன். வெறும் கறை விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடியும் கறை. காகிதத்தோடு மாரடிக்கிறவன் விரலில் ரேகை தங்காது ஐயா, காகிதம் தின்றுவிடும். வங்கிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்போது மச்சினன், "இங்க குடுங்க மாமா" என்று என் விரலைப் பிடித்து, மையில் புரட்டி, கட்டத்தில் வைத்து, தன் பெருவிரலை என் நகத்தின் மேல் வைத்து அழுத்தினான். நன்றாக விழுந்தது.

இந்த இடத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். அழுத்தியது அவன்.

மறுநாள் டீ நேரத்தில் பட்டறையில் அவன் இதைச் சொன்னான். கதை சொல்வதில் கெட்டிக்காரன். "மாமாவோட கட்டைவிரல் புதுப்பொண்ணு மாதிரி வெக்கப்பட்டுக்கிட்டு முகத்தையே காட்ட மாட்டேங்குது. நான்தான் தோளைப் பிடிச்சு உட்கார வச்சேன். ஆளுக்குக் கையெழுத்து தெரியாதான்னு கேட்டாகூடப் பரவாயில்ல. ஆளுக்குக் கைரேகையே தெரியாதான்னு கேட்டுட்டாரு பேங்க்காரரு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து பட்டறையில் என் பெயர் ரேகை. "ரேகை அண்ணே, கத்தி தீட்டணுமா?" "ரேகை, முதலாளி கூப்பிடுறாரு." புத்தகம் தைக்கப் புதிதாக வந்த ஒருவர் அதுதான் என் பெயர் என்று நினைத்து, "நல்ல பேருண்ணே, யாரு வச்சது?" என்று கேட்டார். என் மச்சினன் வைத்தது என்று சொன்னேன். இதில் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. இந்த வரிக்கு அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

தலையை வெட்டிய விவகாரம் நடந்தது இரண்டு வருடத்துக்கு முன். அதற்குப் பிறகு மச்சினனே எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தான். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும், வெட்டு மேசையில், கழித்துப் போட்ட துண்டுக் காகிதத்தில். துண்டு ஒரு விரல் அகலம்தான் இருக்கும், நீளம் வேண்டிய மட்டும். அதனால் என் எழுத்து இன்றைக்கும் ஒல்லியாக, ஒரே வரிசையாகப் போகும். என் பெயரில் ஐந்து எழுத்து. நான்கு சுலபம். நடுவில் இருப்பது சுழித்துக்கொண்டு போய்த் திரும்பி வர வேண்டும். போனால் எனக்குத் திரும்பி வரத் தெரியவில்லை. நாற்பது நாள் ஆயிற்று. அவன் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. "ஊர் சுத்தினது போதும், வீட்டுக்குத் திரும்புங்க மாமா" என்பான். நாற்பத்தோராம் நாள் திரும்பினேன். அந்தத் துண்டைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். மெஷினில் சட்டையோடு போய்க் கூழாகிவிட்டது. அதற்காக மெஷினைக் குறை சொல்லவில்லை.

எழுத்து வந்த பிறகு கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். பேருந்தின் முதுகு, மருந்துப் பெட்டியின் அடிப்பக்கம், அடுத்த வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த மின்கட்டணச் சீட்டு. வங்கி அனுப்பிய கணக்குத் தாள்களை மனைவி அலமாரியில் பாத்திரத்துக்கு அடியில் விரித்திருந்தாள். பாத்திரங்களை இறக்கி வைத்துவிட்டுப் படித்தேன். வருடா வருடம் 'பாதுகாப்புத் திட்டக் கட்டணம்' என்று ஒரு வரி. யாரை யாரிடமிருந்து பாதுகாக்க என்று எழுதவில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை. என் வாழ்க்கையில் நானாகப் படித்துக் கண்டுபிடித்த முதல் விஷயம் அது. பெரிய தொகை இல்லை. ஒரு ஜோடி செருப்பு வரும்.

புகார் எழுதினேன். நான் எழுதிய முதல் கடிதம். ஒரு மாதத்தில் பதில் வந்தது. எனக்கு வந்த முதல் கடிதம். 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்தது. அந்தச் சொல்லை நான் லட்சக்கணக்கில் வெட்டியிருப்பேன், ஒரு தடவைகூட அது என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. கட்டணம் தவறுதலாகப் பிடிக்கப்பட்டது, வருந்துகிறோம், திருப்பித் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். சொன்னேனே, நல்ல வங்கி. கடைசி வரியில்தான் இருந்தது: தொகையைப் பெற்றுக்கொள்ள நேரில் வந்து கைநாட்டு வைக்கவும்.

மூன்றாம் கவுண்டரில் ஓர் அம்மா. கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். ரசீதை நீட்டினார். நான் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். நடுவெழுத்து அன்றைக்கு மிக நன்றாகத் திரும்பியது. அவர் ரசீதைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார்.

"ஐயா, இங்க கைநாட்டுதான் இருக்கு. கையெழுத்து செல்லாது."

"அது அப்போ. இப்போ எழுதுவேன்."

"ரொம்ப சந்தோஷம் ஐயா. சும்மா ஒரு விரலை வைங்க, பணத்தை வாங்கிட்டுப் போங்க."

"கையெழுத்துக்கு மாத்திக் குடுங்க."

"மாத்தலாமே." ஒரு படிவத்தை எடுத்தார். கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு மாறுவதற்கான படிவம். அதுவும் நான் வெட்டியதுதான். "இதைப் பூர்த்தி பண்ணி, கீழ இந்தக் கட்டத்துல கைநாட்டு வச்சுக் குடுங்க."

இனிமேல் கைநாட்டு இல்லை என்பதற்கு ஒரு கைநாட்டு. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். "ரூல் அப்படி இருக்குங்க ஐயா" என்றார்.

வீட்டில் சொன்னேன். "ஏங்க, ஒரு விரலு. வச்சா தேஞ்சா போயிடும்? சோப்புப் போட்டா மை போயிடப்போகுது" என்றாள் மனைவி. மச்சினன் வந்திருந்தான். "அக்கா, மாமாவுக்குத் தனியா வைக்கத் தெரியாது. நான் லீவு போட்டுட்டுப் போய்ப் பிடிச்சு விடணும்" என்றான். அக்காவும் தம்பியும் சிரித்தார்கள். மனைவி அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. மணிக்கட்டு வலி போனதிலிருந்து அவள் நன்றாக இருக்கிறாள்.

நான் வங்கிக்கு மறுபடி எழுதினேன். என் கையெழுத்தை நாற்பது தடவை போட்டு ஒரு தாள் அனுப்பினேன். மேலாளரே பதில் எழுதினார். 'தங்கள் கையெழுத்து தெளிவாகவும் சீராகவும் உள்ளது. எனினும்' என்று போயிற்று. எனினும் என்ற சொல் எனக்குப் புதிது. "எனினும்னா என்ன மாப்ள?" என்று மச்சினனைக் கேட்டேன். "அதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம் சும்மான்னு அர்த்தம் மாமா" என்றான். அதன் பிறகு எந்தக் கடிதம் வந்தாலும் எனினும் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேலே இருந்து படிப்பேன்.

அடுத்த கடிதத்தில், அந்த ரேகையே என்னுடையது அல்ல என்று எழுதினேன். இது பொய் இல்லை, யோசித்துப் பாருங்கள். என் விரலில் ரேகை விழவில்லை என்பதை வங்கியின் ஆளே கண்ணால் பார்த்தார். அழுத்தியவன் வேறு ஆள். எங்கள் பட்டறையில் வெட்டு கோணலாகப் போனால் யாரும் கத்தியைக் கேட்க மாட்டார்கள், அழுத்தியவனைத்தான் கேட்பார்கள். அன்றைக்கு என் விரல் வெறும் கத்தி. ரேகை, அழுத்தியவனுடையது.

இப்படி ஏழு கடிதம் எழுதினேன், ஏழு பதில் வந்தது. ஒவ்வொன்றிலும் மதிப்பிற்குரிய. முதல் நாளே விரலை வைத்திருந்தால் ஒன்றோடு நின்றிருக்கும்.

ஆறாவது பதிலில், அவ்வாறெனில் சம்பந்தப்பட்ட நபரின் ரேகையைச் சமர்ப்பிக்கவும் என்று இருந்தது. மச்சினனிடம் கேட்டேன். "எதுக்கு மாமா, என் சொத்தை எழுதி வாங்கப் போறீங்களா? இருக்கிறது ஒரு சைக்கிள், அதுக்கும் பெடல் கிடையாது" என்று சொல்லிக்கொண்டே முதலாளியின் முத்திரை மையில் வலது பெருவிரலை ஒற்றித் தாளில் வைத்தான். அழகாக விழுந்தது. அவன் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு தாள் தள்ளுகிறவன், ரேகை தேயவில்லை. அந்தத் தாளை நகல் எடுத்து அனுப்பினேன். ஏழாவது பதில் இரண்டே வரி. 'நகல் ஏற்கப்படாது. அசலைச் சமர்ப்பிக்கவும்.' அதில் எனினும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

இருந்தாலும் நேரில் போய்க் கேட்டுக்கொண்டேன். "அம்மா, அசல்னா எது?"

மூன்றாம் கவுண்டர் அம்மா நோட்டு எண்ணிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "எதுல இருந்து நகல் எடுத்தீங்களோ, அதுதான் ஐயா அசல்."

நடந்தே வீட்டுக்கு வந்தேன். அச்சு வேலை நடக்கும் இடத்தில் கூட்டிப் பெருக்குகிறவருக்குக்கூட இது தெரியும். தாளில் இருப்பதெல்லாம் நகல். முதல் தாளும் நகல், ஆயிரமாவது தாளும் நகல். அசல் என்பது தகடு. மை தடவி ஒற்றி, மறுபடி மை தடவி மறுபடி ஒற்றலாமே, அது. என்னிடம் இருந்த தாள், மச்சினன் விரலில் மை தடவி ஒற்றி எடுத்தது. அப்படியானால் அதுவும் நகல்தான். நகல் ஏற்கப்படாது.

"அந்தம்மா சொன்னது அந்தத் தாளைத்தான்னு உனக்கு நிஜமாவே தெரியாதா?" என்று நேற்று கேட்டீர்கள். தெரிந்திருக்கலாம் ஐயா. ஆனால் எனக்குப் படிக்கத் தெரியாத காலத்தில், எழுத்தில் இருக்கிறபடிதான் நடக்கும், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று எல்லாரும் சொன்னார்கள். படிக்கத் தெரிந்து, எழுத்தில் இருக்கிறபடி நான் நடந்த பிறகு, எழுத்துக்கு அப்படி அர்த்தம் இல்லை என்கிறீர்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

எட்டு நாள் யோசித்தேன். மச்சினனையே கேட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். கேட்டால் தர மாட்டான் என்று தோன்றியது. சொந்தத்துக்குள் வீண் மனக்கசப்பு வரும். அதனால் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை, டீக்கு முன். அன்றைக்கு வந்திருந்த வேலை வங்கியுடையது. கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு மாறும் படிவம், ஐயாயிரம். அதை நான் தேடிப் போகவில்லை, தானாக வந்தது. அடுக்கின் மூலை எகிறியது.

"மூலை தூக்குது மாப்ள. சும்மா ஒரு விரலை வை."

வைத்தான். நான் மிதித்தேன். சட்டம் இறங்கியது.

"மாமா, இருங்க. இன்னும் விடல."

அழுத்தினேன்.

கத்தி அன்று காலை தீட்டியது. முந்தின நாள் கத்தியாக இருந்தால் வலி அதிகமாக இருந்திருக்கும், அதையும் யோசித்துத்தான் தீட்டினேன். வலது பெருவிரலைத் தவிர மற்ற நாலு விரலில் ஒரு கீறல் கிடையாது. மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள். அனுபவம் இல்லாதவன் கையில் அந்தச் சுத்தம் வராது. படிவத்திலும் மேல் இருபது தாள்தான் வீணானது, மீதியை வெட்டிக் கட்டி அனுப்பிவிட்டார்கள்.

என் துண்டை எடுத்து நானே அவன் கையில் கட்டினேன். நானே கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போய் முதலாளியின் வண்டியில் ஏற்றினேன். அவன் முகம் தாள் நிறத்துக்குப் போயிருந்தது. என்னைப் பார்த்து, "நீங்க பயப்படாதீங்க மாமா" என்றான். எனக்குப் பயம் இல்லை என்று சொன்னேன். "நீ போ, நான் ஒரு வேலை முடிச்சிட்டு வந்துடறேன்" என்றேன். கதவைச் சாத்தும்போது அவன் சட்டை நுனி மாட்டிக்கொண்டது. எடுத்துவிட்டேன்.

எட்டாவது கடிதத்தை முந்தின நாளே எழுதி வைத்திருந்தேன். அடியில் 'இணைப்பு: அசல் ஒன்று' என்று எழுதி, சாப்பாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்து அதில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

வங்கியில் கூட்டம். என் டோக்கன் நாற்பத்தொன்று. பதினெட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் ஒரு பெரியவர் காசோலையில் தேதியை மாற்றிப் போட்டுவிட்டு வாதாடிக்கொண்டிருந்தார். பையில் கைபேசி அடித்தது. மனைவி. மறுபடி அடித்தது. பதினோரு தடவை அடித்தது. சுவரில் 'இங்கே கைபேசியைப் பயன்படுத்தாதீர்கள்' என்று எழுதியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் என்றால் எடுத்துப் பேசியிருப்பேன். படிக்கத் தெரிந்தவன் மதிக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்கள் நாலைந்து பேர் சத்தமாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

என் முறை வந்தது. "மறுபடியும் வந்துட்டீங்களா ஐயா" என்று மூன்றாம் கவுண்டர் அம்மா சிரித்தார். கடிதத்தை வாங்கினார். பழக்கப்பட்ட கை. படிப்பதற்கு முன்பே 'இணைப்புகளுடன் பெறப்பட்டது' என்று முத்திரை குத்தி, தேதி போட்டு, என் பிரதியைத் திருப்பிக் கொடுத்தார். அது என் பையில் இருந்தது, நீங்கள் எடுத்து வைத்திருக்கிறீர்கள். வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். பிறகு டப்பாவைத் திறந்தார்.

அவர் கத்தவில்லை. மூடினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி திறந்தார். மறுபடி மூடினார். "உட்காருங்க ஐயா, மேனேஜரைக் கூட்டிட்டு வர்றேன்" என்றார். எழுந்து போகும்போது என் கையையே பார்த்துக்கொண்டு போனார். விரல்களை எண்ணினார் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கேட்டார்களாம், விரல் துண்டு எங்கே என்று. பனிக்கட்டியில் போட்டுச் சீக்கிரம் கொண்டு வந்தால் ஒட்டிவிடலாமாம். பட்டறையில் எல்லாரும் மேசைக்கு அடியில், கழிவு மூட்டைக்குள், துண்டுக் காகிதத்தை ஒவ்வொன்றாக உதறித் தேடினார்களாம். முதலாளியும் தரையில் மண்டியிட்டுத் தேடினாராம். மனைவி அதைக் கேட்கத்தான் பதினோரு தடவை அடித்திருக்கிறாள். அது அந்த நேரத்தில் டோக்கன் நாற்பத்தொன்றுக்காகக் காத்திருந்தது.

புகார் என்னவோ தீர்ந்துவிட்டது. வங்கி அந்தத் தொகையை எந்தக் கைநாட்டும் கேட்காமல் வீட்டுக்கே அனுப்பிவிட்டதாம். கையெழுத்துகூடக் கேட்கவில்லையாம். எழுதிக் கேட்டால் கிடைக்கும் என்பது இதிலிருந்து தெரிகிறது. மனைவி இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. துவைக்கிற வேலை இருக்கும். மெஷின் இருக்கும்போது அதற்கு இவ்வளவு நாள் ஆகாதுதான்.

இனி நான் எதற்காகத் தாள் கேட்டேன் என்பதைச் சொல்கிறேன். மச்சினன் ஆஸ்பத்திரியில் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தைப் படிக்கக் கொடுத்தீர்கள். 'மாமா தெரியாமல் அழுத்திவிட்டார். அது விபத்து. அதிர்ச்சியில் விரலை எங்கேயோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை' என்று இருந்தது. அவன் நல்ல மனசுக்காரன். ஆனால் அது தவறு, அடித்துவிடுங்கள். முப்பத்தொரு வருடத்தில் நான் ஒரு தடவைகூடத் தெரியாமல் அழுத்தியதில்லை. அவன் சத்தத்துக்குக் காத்திருக்காமல் அழுத்தியது அன்றைக்கு மட்டும்தான், அதுவும் தெரிந்து. தெரியாமல் செய்தவன் என்ற பேரோடு நான் இருந்தது போதும். தெரிந்து, அளந்து, இரண்டு கையாலும் நான்தான் அவன் விரலை வெட்டினேன்.

அந்த வாக்குமூலத்தின் கீழே அவனுடைய இடது பெருவிரல் ரேகை இருந்தது. பேனா பிடிக்க முடியவில்லை என்று எழுத்தர் சொன்னார். பள்ளிக்கூடம் முடித்தவன், இப்போது கைநாட்டு. பார்க்கச் சங்கடமாக இருந்தது. பட்டறையில் இனி அவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களோ. ஆனால் கவலைப்பட ஒன்றும் இல்லை என்று அவனிடம் சொல்லுங்கள். இடது கையால் எழுதப் பழகலாம். நாற்பது நாள் ஆகும். வெளியே வந்ததும் நானே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். பொறுமையாகச் சொல்லித் தருவேன். சிரிக்க மாட்டேன்.

கடைசியாக ஒன்று. நேற்று இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினீர்கள். ஒன்று ஆறு வருடத்துக்கு முந்தைய வங்கிப் படிவம். இன்னொன்று இங்கே வந்த அன்று எடுத்தது. பெரிய கண்ணாடியைக் கையில் கொடுத்து, "நல்லாப் பாரு, ரெண்டும் உன் விரல்தான்" என்றீர்கள். கோடுகள் ஒத்துப்போவது போலத்தான் தெரிந்தன. ஆனால் அன்றைக்கு மச்சினன் பிடித்து அழுத்தினான், இங்கே உங்கள் காவலர் பிடித்து அழுத்தினார். நானாக வைத்தது எங்கே இருக்கிறது?

இந்தத் தாளின் அடியில் உள்ள ஐந்து எழுத்தும் என் கையெழுத்து. நடுவெழுத்து சரியாகத் திரும்பியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். விதிப்படி அதன் பக்கத்தில் உங்கள் எழுத்தர் என் கையைப் பிடித்து வைக்கப்போகும் ரேகை என்னுடையது அல்ல.